ஆங்கிலத்தில் வரைபட விவரணை

வரைபட விவரணை என்பது கோட்டு வரைபடம், பட்டை விளக்கப்படம், வட்ட விளக்கப்படம், அட்டவணை போன்றவற்றில் உள்ள தரவுகளைத் தொடர்ச்சியான உரைநடையில் எழுதுவதாகும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போருக்கான பாடத்திட்டங்களில் இது ஒரு தனிப் பயிற்சியாக இடம்பெறுகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்காக எழுதப்படும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் கல்விசார் பிரிவில் எழுத்துத் தாளின் முதல் பணி பெரும்பாலும் இதுவே. சுமார் 20 நிமிடங்களில் குறைந்தது 150 சொற்கள் எழுத வேண்டும். எழுத்துத் தாளின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு இதற்கு, மீதி கட்டுரைக்கு. அதே தேர்வின் பொதுப் பயிற்சிப் பிரிவில் வரைபடத்துக்குப் பதில் கடிதம் கேட்கப்படும். பிடிஇ தேர்வில் படத்தை 25 விநாடி பார்த்துவிட்டு 40 விநாடி பேச வேண்டும்.

தேர்வோடு இதன் தேவை முடிந்துவிடுவதில்லை. சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும், ஆவடியில் 1961-இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாக அமைந்த பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. இங்கே படிப்பவர் இறுதியாண்டுத் திட்ட அறிக்கையில் தம் சோதனை முடிவுகளை ஆங்கிலத்தில் எழுதியாக வேண்டும். உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர் மாதந்தோறும் எத்தனை உருப்படிகள் நிராகரிக்கப்பட்டன என்ற வரைபடத்தின் கீழ் நான்கு வரி எழுதி வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு அனுப்புகிறார். நிராகரிப்பு 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்ததா, அல்லது 2 சதவீதம் மட்டும் குறைந்து 3.92 ஆனதா என்பது அந்த நான்கு வரியில் தெளிவாக இல்லையென்றால் பேச்சு தொழிலைப் பற்றியதாக இருக்காது. விளக்கக் கடிதங்களைப் பற்றியதாகிவிடும்.

தமிழ் வழியில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுபவருக்குச் சிக்கல் வருவது பெரிய சொற்களில் அல்ல. எண்ணுக்கும் எண்ணுக்கும் உள்ள உறவைத் தமிழ் வேற்றுமை உருபாலும் சூழலாலும் உணர்த்திவிடுகிறது. ஆங்கிலம் அதையே சின்னஞ்சிறு முன்னிடைச்சொற்களாலும் அலகுகளாலும் சொல்கிறது. கட்டுரையின் பெரும்பகுதி அந்த இடங்களைப் பற்றியது. எடுத்துக்காட்டுகள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் மக்கள்தொகை, ஏரி நீர் ஆகிய உண்மைத் தரவுகளிலிருந்து தரப்படுகின்றன. ஆங்கிலத் தொடர்கள் உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் மேற்கோளுக்குள் உள்ளன. எழுதும்போது எழுத்துக்கூட்டலை அகராதியில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்னணி

எண்களைக் கோடாகவும் பட்டையாகவும் வரையும் வழக்கம் அவ்வளவு பழையதன்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட வணிக, அரசியல் வரைபட நூலில் கோட்டு வரைபடங்களும் ஒரு பட்டை விளக்கப்படமும் இடம்பெற்றன. வட்ட விளக்கப்படத்தை அவர் 1801-இல் பயன்படுத்தினார். வரைபடம் கண்ணுக்கு ஒரே நொடியில் சொல்லும் என்பதே அவர் நம்பிக்கை. அப்படியானால் அதை மீண்டும் சொற்களில் எழுதுவானேன் என்ற கேள்வி எழும். வரைபடம் எல்லா எண்களையும் ஒரே தட்டில் வைக்கிறது. எது முக்கியம் என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்வது எழுதுபவரின் வேலை.

முதலில் மொத்தப் பார்வை

சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு பழைய ஏரிகளின் முழுக் கொள்ளளவு, மில்லியன் கன அடியில், பின்வருமாறு: செம்பரம்பாக்கம் 3,645, புழல் 3,300, பூண்டி 3,231, சோழவரம் 1,081. மொத்தம் 11,257. பூந்தமல்லிக்குத் தென்மேற்கே இருக்கும் செம்பரம்பாக்கம்தான் இவற்றில் பெரியது.

இந்த நான்கு எண்களை ஒரு வட்ட விளக்கப்படமாகக் கொடுத்து எழுதச் சொன்னால் பெரும்பாலான மாணவர்கள் செய்வது ஒன்றே: முதல் ஏரி இவ்வளவு, இரண்டாம் ஏரி இவ்வளவு என்று வரிசையாக ஒப்பிப்பது. நான்கு வாக்கியம், நான்கு எண். பிழை எதுவும் இருக்காது. ஆனால் படித்து முடித்தவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஐஇஎல்டிஎஸ் தேர்வின் வெளியிடப்பட்ட மதிப்பீட்டு அளவுகோல்கள் இதை வெளிப்படையாகவே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. மொத்தப் பார்வை இல்லாமல் விவரங்களை இயந்திரம்போல் அடுக்கும் விடை 5-ஆம் நிலையின் அடையாளம். முக்கியப் போக்குகளையும் வேறுபாடுகளையும் தெளிவாக முன்வைக்கும் விடை 7-ஆம் நிலைக்கு உரியது. இலக்கணம் சுத்தமாக இருந்தும் மதிப்பெண் ஏறவில்லை என்று வருந்துபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மேலே உள்ள நான்கு எண்களை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் இரண்டு செய்திகள் தெரியும். மூன்று ஏரிகள் ஏறக்குறைய ஒரே அளவு. நான்காவது மிகச் சிறியது. பெரிய மூன்றும் சேர்ந்து மொத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு. இதையே ஆங்கிலத்தில் ‘ஓவரால், த்ரீ ஆஃப் த ஃபோர் ரிசர்வாயர்ஸ் ஆர் சிமிலர் இன் சைஸ், வைல் சோழவரம் இஸ் ஃபார் ஸ்மாலர்’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். இதில் ஒரு எண்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எண்கள் அடுத்த பத்தியில் வரும்: செம்பரம்பாக்கத்தின் பங்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு, புழலும் பூண்டியும் தலா சுமார் 29 சதவீதம், சோழவரம் பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

துல்லியமாக 32.38 சதவீதம் என்று எழுதுவதைவிட ‘ஜஸ்ட் அண்டர் எ தேர்டு’ என்று எழுதுவது இங்கே நல்லது. தோராயத்தைச் சொல்லத் தமிழில் ‘சுமார்’, ‘ஏறக்குறைய’, ‘கிட்டத்தட்ட’, ‘சற்று மேல்’, ‘சற்றுக் குறைவு’ எல்லாம் இருக்கின்றன. ஆங்கிலத்திலும் அதே வேறுபாடுகள் உண்டு. ‘அபவுட்’, ‘ரஃப்லி’ இரண்டும் இருபுறமும் நகரும். ‘நியர்லி’ எண்ணை எட்டவில்லை என்று காட்டும்; ‘ஜஸ்ட் ஓவர்’ தாண்டிவிட்டது என்று காட்டும். தமிழ்ப் பேச்சில் ‘கிட்டத்தட்ட ஐம்பது’ என்பது 48-ஆகவும் இருக்கலாம், 52-ஆகவும் இருக்கலாம். ‘நியர்லி ஃபிஃப்டி’ என்பது 52-ஆக இருக்கவே முடியாது.

உருபும் முன்னிடைச்சொல்லும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆவடி நகராட்சியின் மக்கள்தொகை 3,45,996. 2001-இல் அது சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம். தமிழில் இதைச் சொல்லும்போது உருபுகள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன: 2.3 லட்சத்திலிருந்து 3.46 லட்சமாக உயர்ந்தது. இங்கே ‘-இலிருந்து’ தொடக்கம்; ‘-ஆக’ முடிவு. ஆங்கிலத்தில் முதலாவது ‘ஃப்ரம்’, இரண்டாவது ‘டு’. இதுவரை சிக்கல் இல்லை.

உயர்ந்த அளவைச் சொல்லும்போதுதான் தடுமாற்றம். பத்தாண்டில் 1,15,000-க்கும் மேற்பட்டோர் கூடியிருக்கிறார்கள். தமிழில் ‘மக்கள்தொகை 1,15,000 உயர்ந்தது’ என்று உருபே இல்லாமல் சொல்லிவிடலாம். யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. உருபு இல்லாத அந்த இடத்தில் ஆங்கிலம் ‘பை’ என்ற சொல்லைக் கேட்கிறது. ‘ரோஸ் பை’ என்றால் கூடிய அளவு. ‘ரோஸ் டு’ என்றால் போய்ச் சேர்ந்த அளவு. தமிழில் வெற்றிடமாக இருப்பதால் கற்பவர் அங்கே எதையாவது போட்டு நிரப்புகிறார். பெரும்பாலும் பழகிப்போன ‘டு’ வந்து விழுகிறது. விளைவு: ஆவடியின் மக்கள்தொகை பத்தாண்டில் 1,15,000-ஆகச் சுருங்கிவிட்டதாக வாக்கியம் சொல்லும். ஒரே ஒரு இரண்டெழுத்துச் சொல் ஒரு நகரத்தின் மூன்றில் இரண்டு பங்கைக் காணாமல் ஆக்கிவிடுகிறது.

வினையைப் பெயராக்கினால் முன்னிடைச்சொற்களும் மாறும். ‘ரோஸ் பை ஃபிஃப்டி பெர்சென்ட்’ என்பது ‘எ ரைஸ் ஆஃப் ஃபிஃப்டி பெர்சென்ட்’ ஆகும். எது உயர்ந்தது என்பதற்கு முன் ‘இன்’ வரும்: ‘எ ரைஸ் இன் த பாப்புலேஷன்’. அசையாமல் நிற்கும் எண்ணுக்கு ‘அட்’: ‘ஸ்டுட் அட்’, ‘ரிமெய்ன்டு அட்’, ‘பீக்டு அட்’. இந்த ஐந்தாறு இணைப்புகளை மனப்பாடம் செய்வது ஐம்பது அலங்கார வினைச்சொற்களை மனப்பாடம் செய்வதைவிடப் பயன் தரும்.

அடுத்தது, வாக்கியத்தின் எழுவாய். ‘ஆவடி ஐம்பது சதவீதம் உயர்ந்தது’ என்று தமிழில் பேச்சுவாக்கில் சொன்னாலும் புரியும். ஆங்கிலத்தில் ஆவடி உயராது. ஆவடியின் மக்கள்தொகைதான் உயரும். ஒப்பீட்டிலும் இதே கதைதான். 2011-இல் அம்பத்தூரில் 4,66,205 பேர். பூந்தமல்லியில் 57,224 பேர். ‘அம்பத்தூரின் மக்கள்தொகை ஆவடியைவிட அதிகம்’ என்பது தமிழில் முழுமையான வாக்கியம். அதை அப்படியே மாற்றினால் ஒரு மக்கள்தொகையை ஒரு ஊரோடு ஒப்பிட்டதாகிவிடும். ‘லார்ஜர் தேன் தட் ஆஃப் ஆவடி’ என்று ‘தட் ஆஃப்’ சேர்த்தே எழுத வேண்டும். ‘விட’ என்ற சொல் தமிழில் ஒப்பீட்டு வேலை முழுவதையும் செய்துவிடுவதால் பெயரடை மாறுவதில்லை; ‘பெரிய’ எப்போதும் ‘பெரிய’தான். ஆங்கிலத்தில் ‘லார்ஜ்’ என்பது ‘லார்ஜர்’ ஆக வேண்டும்.

ஒன்றில் மட்டும் தமிழ் முன்பே உதவுகிறது. ‘முறையே’ என்ற சொல் நம்மிடம் இருப்பதால் ‘ரெஸ்பெக்டிவ்லி’ எளிதில் புரிகிறது. இடம்தான் வேறு: தமிழில் அது எண்களுக்கு முன்னே வரும்; ஆங்கிலத்தில் வழக்கமாகக் கடைசியில் வரும்.

எண்ணை எழுதும் முறையையும் இங்கேயே சொல்லிவிடலாம். நாம் 4,66,205 என்று லட்சத்துக்குப் பின் காற்புள்ளி இடுகிறோம். இந்தியாவுக்கு வெளியே உள்ள வாசகருக்கு எழுதும்போது 466,205 என்று ஆயிரத்தின் மடங்குகளில் பிரிக்க வேண்டும். ‘லாக்’, ‘குரோர்’ ஆகியவை இந்திய ஆங்கிலத்தில் முற்றிலும் சரியான சொற்கள். வெளிநாட்டுத் தேர்வாளருக்கு மட்டும் அவற்றை ஆயிரம், மில்லியன் கணக்கில் மாற்றித் தருவது நல்லது. 1 மில்லியன் என்பது 10 லட்சம். 1 கோடி என்பது 10 மில்லியன்.

மடங்கு, சதவீதம், சதவீதப் புள்ளி

ஆவடியின் மக்கள்தொகை பத்தாண்டில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. ‘ஒன்றரை மடங்கு ஆனது’ என்றாலும் ‘ஒன்றரை மடங்கு உயர்ந்தது’ என்றாலும் தமிழ் வாசகர் ஒன்றாகவே எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் ‘இன்கிரீஸ்டு பை ஒன் அண்ட் எ ஹாஃப் டைம்ஸ்’ என்று எழுதினால், பழைய அளவின் மேல் இன்னொரு ஒன்றரை மடங்கு சேர்ந்து மொத்தம் இரண்டரை மடங்கானது என்று ஒருவர் வாதாடலாம். 2.3 லட்சம் 5.75 லட்சமாகிவிடும். பாதுகாப்பான வழி, ‘இன்கிரீஸ்டு பை அபவுட் ஹாஃப்’ என்றோ ‘பை அபவுட் ஃபிஃப்டி பெர்சென்ட்’ என்றோ எழுதுவது. இரு மடங்குக்கு ‘டபுள்டு’, மூன்று மடங்குக்கு ‘டிரிபிள்டு’ என்ற வினைகள் இருக்கும்போது ‘டைம்ஸ் மோர்’ என்ற தொடரைத் தொடாமலே இருக்கலாம்.

ஒப்பிட்டுச் சொன்னால் இந்த 50 சதவீதத்தின் கனம் விளங்கும். அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 சதவீதமே கூடியது. ஆவடியின் வளர்ச்சி வேகம் மாநிலத்தினுடையதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். பூந்தமல்லி சுமார் 42,600-இலிருந்து 57,224 ஆனது. அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் உயர்வு. ஒரு நல்ல விவரணை இந்த ஒப்பீட்டை முன்னால் கொண்டுவரும். எண்களைப் பின்னால் தரும்.

சதவீதங்களையே ஒப்பிடும்போது இன்னொரு வலை இருக்கிறது. தமிழ்நாட்டில் நகர்ப்புறங்களில் வாழ்வோர் 2001-இல் மொத்த மக்கள்தொகையில் சுமார் 44 சதவீதம், 2011-இல் 48.4 சதவீதம். இந்த உயர்வு எவ்வளவு? 4.4 சதவீதம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் 44-இல் 4.4 என்பது பத்தில் ஒன்று. அந்தக் கணக்கில் உயர்வு 10 சதவீதம். இரண்டு விடைகளும் ஒரே மாற்றத்தைத்தான் குறிக்கின்றன, அலகு வேறு. முதலாவதை ஆங்கிலத்தில் ‘4.4 பெர்சென்டேஜ் பாயின்ட்ஸ்’ என்று எழுத வேண்டும். தமிழில் ‘சதவீதப் புள்ளி’ என்ற சொல் பொருளாதாரச் செய்திகளில் வந்தாலும் பேச்சில் இன்னும் ஊன்றவில்லை. முன்னே சொன்ன தொழிற்சாலையின் நிராகரிப்பு விகிதமும் இதே இடத்தில்தான் இடறுகிறது. 4 சதவீதம் 2 சதவீதமானால் குறைவு 2 சதவீதப் புள்ளிகள். அல்லது 50 சதவீதம். ‘ரிஜெக்ஷன் டிகிரீஸ்டு பை டூ பெர்சென்ட்’ என்று எழுதிய பொறியாளர் தம் உழைப்பின் பெரும்பகுதியைத் தாமே மறைத்துவிட்டார்.

சிறிய இலக்கணக் குறிப்பு: எண்ணுக்குப் பின் வருவது ‘பெர்சென்ட்’, எண் இல்லாத இடத்தில் ‘பெர்சென்டேஜ்’ அல்லது ‘புரொபோர்ஷன்’. எண்ணத்தக்கவற்றுக்கு ‘நம்பர்’, நீர்போல் எண்ண இயலாதவற்றுக்கு ‘அமவுன்ட்’. தமிழில் ‘அளவு’ என்ற ஒரே சொல் பல இடங்களில் ஓடுவதால் இந்தப் பிரிவு மறந்துபோகிறது.

இருப்பும் ஓட்டமும்: செம்பரம்பாக்கம், டிசம்பர் 2015

அலகை விட்டுவிடுவதால் வரும் கேட்டுக்குச் செம்பரம்பாக்கம் ஏரியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இந்த வட்டாரத்தில் இல்லை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. ஏரியின் உபரிநீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது; அந்த அளவு விநாடிக்கு 29,000 கன அடிவரை உயர்ந்தது. அடையாற்றின் இரு கரைகளும் மூழ்கின.

தமிழ் நாளிதழ்கள் இத்தகைய செய்திகளில் ‘29,000 கன அடி நீர் திறப்பு’ என்றுதான் வழக்கமாக எழுதும். ‘விநாடிக்கு’ என்ற சொல் பெரும்பாலும் தலைப்பில் இருக்காது. அணைச் செய்திகளைப் படித்துப் பழகிய தமிழ் வாசகர் அதைத் தாமே சேர்த்துக்கொள்வார். இதைப் பார்த்து ஒரு மாணவர் ‘29,000 கியூபிக் ஃபீட் ஆஃப் வாட்டர் வாஸ் ரிலீஸ்டு’ என்று எழுதினால் இலக்கணம் சரி, செய்தி அபத்தம். 29,000 கன அடி என்பது சுமார் 8 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் எழுபதுக்குள் அடங்கிவிடும். எழுபது லாரித் தண்ணீரால் சைதாப்பேட்டை மூழ்காது. ஒவ்வொரு விநாடியும் எழுபது லாரி என்றால்தான் நடந்தது புரியும். அதே வேகம் ஒரு நாள் முழுதும் நீடித்தால் வெளியேறும் நீர் சுமார் 2,500 மில்லியன் கன அடி. ஏரியின் முழுக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல்.

ஏரி தொடர்பான தரவுகளில் நான்கு வேறு அளவுகள் கலந்துகிடக்கின்றன. நீர்மட்டம் அடியில் அளக்கப்படுகிறது. செம்பரம்பாக்கத்தின் முழு மட்டம் 24 அடி. ஆங்கிலத்தில் அது ‘வாட்டர் லெவல்’. நீர் இருப்பு மில்லியன் கன அடியில் வரும், ‘ஸ்டோரேஜ்’. நீர்வரத்தும் நீர் வெளியேற்றமும் விநாடிக்கு இத்தனை கன அடி. ‘இன்ஃப்ளோ’, ‘அவுட்ஃப்ளோ’ அல்லது ‘டிஸ்சார்ஜ்’. அலகுக்கு ‘கியூசெக்’ என்ற குறுஞ்சொல் உண்டு. இவை நான்கும் ஒரே நாளில் வெவ்வேறு திசைகளில் போகலாம். வரத்து குறைந்துகொண்டிருக்கும்போதே இருப்பு கூடிக்கொண்டிருக்கும். வரத்து வெளியேற்றத்தைவிட அதிகமாக இருக்கும்வரை அப்படித்தான். ‘த வாட்டர் இன்கிரீஸ்டு’ என்று எழுதினால் இந்த நான்கில் எது என்று தெரியாது. வெள்ளத்துக்குப் பின் எழுந்த விவாதமும், இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையின் ஆய்வும், எந்த நேரத்தில் எவ்வளவு வரத்து, எவ்வளவு வெளியேற்றம் என்ற கேள்வியைச் சுற்றியே அமைந்தன. மொழிப் பயிற்சி வகுப்பில் சலிப்பூட்டும் ‘அலகை எழுது’ என்ற அறிவுரை அங்கே பொறுப்பு யாருடையது என்ற கேள்வியாகிறது.

காலம்

படம் இப்போது நம் முன் இருக்கிறது. ஆகவே ‘த சார்ட் ஷோஸ்’ என்று நிகழ்காலம். படத்தில் உள்ள செய்தி நடந்து முடிந்தது. ஆகவே ‘த பாப்புலேஷன் ரோஸ்’ என்று இறந்தகாலம். இவ்வளவும் பாடநூலில் உண்டு. தமிழ் எழுதுபவருக்கு வரும் தனிச் சிக்கல் வேறு. நம் செய்தி நடையில் ‘2011-இல் மக்கள்தொகை 3.46 லட்சமாக உயர்ந்துள்ளது’ என்று ‘-உள்ளது’ சேர்த்து எழுதுவது இயல்பு. அந்த ‘-உள்ளது’ ஆங்கிலத்தில் ‘ஹேஸ் ரிஸன்’ ஆகிவிடுகிறது. முடிந்துபோன ஆண்டைக் குறிப்பிட்ட பிறகு ஆங்கிலம் அந்த வடிவத்தை ஏற்பதில்லை. ‘இன் 2011’ என்றால் ‘ரோஸ்’. ‘சின்ஸ் 2011’ என்று அந்த ஆண்டு முதல் இன்றுவரை நீளும் காலத்தைச் சொன்னால் மட்டுமே ‘ஹேஸ் ரிஸன்’. வருங்கால மதிப்பீட்டுக்கு ‘வில்’ போடுவதைவிட ‘இஸ் புரொஜெக்டட் டு’ என்பதே ஏற்றது. அது நடக்கும் என்று எழுதுபவர் உறுதி கொடுப்பதில்லை.

காலத்தோடு எல்லையும் மாறும். அம்பத்தூர் நகராட்சி 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. இன்று அது மாநகராட்சியின் ஒரு மண்டலம். ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. எனவே 2011 எண்ணை எழுதும்போது ‘அம்பத்தூர் முனிசிபாலிட்டி’ என்று அன்றைய பெயரிலேயே எழுதுவதுதான் துல்லியம். ‘அம்பத்தூர்’ என்று மட்டும் எழுதினால் எந்த எல்லைக்குள் எண்ணியது என்ற கேள்வி தொங்கிக்கொண்டு நிற்கும்.

அலங்காரச் சொற்கள்

பயிற்சி மையங்கள் தரும் அச்சிட்ட தாள்களில் உயர்வுக்கு இருபது சொல், வீழ்ச்சிக்கு இருபது சொல் என்று பட்டியல் இருக்கும். ‘ஸ்கைராக்கெட்டட்’, ‘பிளம்மெட்டட்’, ‘சோர்டு’ போன்றவை மாணவர்களுக்கு மிகவும் பிடித்தவை. இவை தவறான சொற்கள் அல்ல. பெரும்பாலான தரவுகளுக்குப் பொருந்தாத சொற்கள். பத்தாண்டில் மூன்றில் ஒரு பங்கு கூடிய பூந்தமல்லி ராக்கெட்போலப் பாயவில்லை; ‘க்ரூ ஸ்டெடிலி’ என்று எழுதவும் முடியாது. நம்மிடம் 2001, 2011 என்ற இரண்டு புள்ளிகள்தான் உள்ளன. இடையில் சீராக வளர்ந்ததா, கடைசி மூன்றாண்டில் குவிந்ததா என்பது அந்தப் புள்ளிகளில் இல்லை. ‘ரோஸ் பை அபவுட் எ தேர்டு’ என்பதோடு நிறுத்துவதே நேர்மை.

பெரிய சொல்லுக்கு உரிய இடமும் உண்டு. 2015 இறுதியில் நிரம்பி வழிந்த அதே செம்பரம்பாக்கம் 2019 கோடையில் வறண்டு கிடந்தது. அந்த ஜூன் மாதத்தில் நான்கு ஏரிகளிலும் சேர்த்து மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீத நீர்கூட இல்லை. இதை எழுதும்போது ‘பிளம்மெட்டட்’ என்று எழுதலாம் என்று தோன்றும். ஆனால் வீழ்ச்சி ஒரே நாளில் நிகழவில்லை, மழை பொய்த்ததால் மாதக்கணக்கில் நிகழ்ந்தது. ‘ரேன் ட்ரை’ என்ற இரண்டு எளிய சொற்கள் இங்கே எந்தப் பட்டியல் சொல்லையும்விடக் கனமாக விழும்.

வினாவில் உள்ள சொற்களை அப்படியே பெயர்த்தெழுதினால் தேர்வாளர் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால் முதல் வாக்கியத்தை மட்டும் மாற்றி எழுதப் பழகுவது தேவை. அதற்கும் அகராதியைத் துழாவ வேண்டாம். ‘த நம்பர் ஆஃப் பீப்பிள் லிவிங் இன்’ என்பது ‘த பாப்புலேஷன் ஆஃப்’ ஆனால் போதும்.

காரணம் எழுதலாமா?

தேர்வு விடையில் எழுதக் கூடாது. ஆவடியில் மக்கள் கூடியதற்குப் புறநகர் மின்ரயிலும் தொழிற்சாலைகளும் காரணம் என்று எழுதுபவர் உண்மையைத்தான் சொல்கிறாராக இருக்கலாம்; படத்தில் அது இல்லை. படத்தில் இல்லாததைச் சேர்ப்பது அந்தப் பணியில் குறையாகவே கருதப்படும். கல்லூரித் திட்ட அறிக்கையிலும் தொழிற்சாலையின் மாதாந்தர அறிக்கையிலும் நிலைமை நேர்மாறு: நிராகரிப்பு ஏன் குறைந்தது என்று சொல்லாத அறிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள். அங்கே காரணத்தைத் தனி வாக்கியமாக, தனிப் பத்தியாக வைப்பது நல்லது. ‘மே ஹேவ் பீன் டியூ டு’ என்று எழுதினால் ஊகம். ‘வாஸ் காஸ்டு பை’ என்று எழுதினால் நிரூபித்தாக வேண்டிய கூற்று.

பயிற்சிக்கான தரவைத் தேடி அலைய வேண்டியதில்லை. சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றை நாள்தோறும் இணையத்தில் வெளியிடுகிறது. கடந்த ஆண்டின் அதே நாளின் இருப்பும் அருகில் இருக்கும். ஒரு நாளைய அட்டவணையை எடுத்து, முதலில் எண்ணே இல்லாமல் இரண்டு வாக்கியம், பிறகு எண்களோடு நான்கு வாக்கியம் என எழுதிப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் ஆரம்பித்தால் உயர்வைக் குறிக்கும் வினைகளுக்கும், மார்ச்சுக்குப் பின் வீழ்ச்சியைக் குறிக்கும் வினைகளுக்கும் வேண்டிய அளவு வேலை கிடைக்கும்.